கேள்வி–பதில்: துருவக் கடலின் அடிச்சேற்றில் யார் இருக்கிறார்கள்?

சென்ற இதழில் துருவப் பகுதியில் கடல்பனி குறைவதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "கடலடிச் சேற்றில் இருக்கும் ஒற்றைச் செல் உயிர்களை எண்ணிப் பார்த்தே, மேலே தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம்." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து வந்தவை. கடலைத் தினமும் பார்க்கிறவர்கள் கேட்ட கேள்விகள், அதனால் மற்ற தலைப்புகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: முப்பது வருஷமா விசைப்படகு ஓட்டுறேன். தண்ணி நிறம், காத்து, நீரோட்டம் இதெல்லாம் பாத்துத்தான் நாங்க கடலைப் பத்தி சொல்லுவோம். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி, அதுவும் அடியில சேத்துல கிடக்கறது, கடல் எப்படி இருக்குன்னு எப்படிச் சொல்லும்? (காசிமேடு வாசகர்)

ஐயா, நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலைதான் இது. வலையில் என்ன ஏறுகிறது என்று பார்த்தே கீழே சேறா, மணலா, பாரா (கடலடிப் பாறையா) என்று சொல்லிவிடுவீர்கள். கலவா மீன் ஏறினால் பக்கத்தில் பார் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பேர் வைத்து, எந்த ஓட்டத்தில் எந்த மீன் வரும் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு உயிருக்கும் பிடித்த தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது, அதனால் உயிரைப் பார்த்தால் தண்ணீர் தெரியும். விஞ்ஞானிகளும் இதே வழியில்தான் போகிறார்கள், மீனுக்குப் பதிலாக இன்னும் சின்ன உயிரை எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சின்ன உயிரின் பெயர் ஃபோராமினிஃபெரா. பூச்சி இல்லை. விலங்கிலும் சேராது, தாவரத்திலும் சேராது. முழு உடம்பும் ஒரே ஒரு செல்தான், ஆனால் அந்த ஒரு செல் தனக்கென்று ஒரு ஓடு கட்டிக்கொள்கிறது. சில இனங்கள் கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துக் கட்டும், சில சுற்றிக் கிடக்கும் மணலைப் பொறுக்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டும். பெரும்பாலானவை 1 மில்லிமீட்டருக்கும் கீழே, ரவைக் குருணை அளவு, அதற்கும் சிறியவை நிறைய. வளர வளர ஓர் அறைக்குப் பக்கத்தில் இன்னோர் அறை, அதற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய அறை என்று சேர்த்துக்கொண்டே போகும். ஓட்டிலிருந்து மெல்லிய இழைகளை நீட்டி வலை போல விரித்து, பாக்டீரியா, டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி, மேலிருந்து விழும் செத்த பாசி எல்லாவற்றையும் இழுத்துச் சாப்பிடும்.

மீனைவிட இது நல்ல சாட்சி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் மீன் வேறு பக்கம் போய்விடும். அடிச்சேற்றில் வாழும் ஃபோராமினிஃபெரா பிறந்த சேற்றிலேயே வாழ்ந்து அங்கேயே சாகும், ஓடும் அங்கேயே கிடக்கும். ஆயுளும் குறைவு, சில மாதங்களிலிருந்து சில வருடங்கள் வரைதான், அதனால் தண்ணீர் மாறினால் அடுத்த தலைமுறையிலேயே யார் பெருகுகிறார்கள், யார் குறைகிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் எண்ணிக்கை. ஒரு கைப்பிடிச் சேற்றில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவ்வளவு சாட்சிகள் இருந்தால் ஒன்றிரண்டு தப்பாகச் சொன்னாலும் கணக்கு கெடாது.

கேள்வி: சேற்றிலிருந்து இதை எப்படிப் பிரித்து எடுப்பார்கள்? உயிரோடு இருந்ததா, முன்பே செத்ததா என்று எப்படித் தெரியும்? (பதினோராம் வகுப்பு மாணவர், தண்டையார்பேட்டை)

தம்பி, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் எம்.எஸ்சி. படித்த காலத்தில் மாதக்கணக்கில் நான் உட்கார்ந்து செய்த வேலை இது.

முதலில் சேற்றைக் கலங்காமல் எடுக்க வேண்டும். கப்பலிலிருந்து மல்டிகோரர் என்ற கருவியை இறக்குவார்கள். ஒரு சட்டத்தில் பல கண்ணாடிக்குழாய் மாதிரியான குழாய்கள் மாட்டியிருக்கும், அது தரையில் உட்கார்ந்ததும் குழாய்கள் மெதுவாகச் சேற்றுக்குள் இறங்கும், மேலே நிற்கும் கடல்நீரோடு சேர்த்து அப்படியே தூக்கி வருவார்கள். மேல் 1 சென்டிமீட்டர்தான் இன்றைய கதை. பழைய கதை வேண்டுமென்றால் தலையில் எடை கட்டிய நீளமான இரும்புக் குழாயைத் தரையில் குத்தி இறக்கி, மீட்டர்கணக்கில் சேற்றுத் தூணை எடுத்து, துண்டு துண்டாக வெட்டுவார்கள்.

மேல் துண்டை ஆல்கஹாலில் போட்டு ரோஸ் பெங்கால் என்ற சாயத்தைக் கலப்பார்கள். அந்தச் சாயம் செல்லின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். எடுத்தபோது உயிரோடு இருந்தது ரோஸ் நிறமாகிவிடும், வெறும் ஓடு வெள்ளையாகவே இருக்கும். அப்புறம் 63 மைக்ரான் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசுவார்கள். அந்தச் சல்லடைக் கண் நம் தலைமுடியின் பருமன் அளவுதான், களிமண் எல்லாம் கலங்கலாக வெளியே போய்விடும், கொஞ்சம் மணலும் ஓடுகளும் மட்டும் மிஞ்சும். அதைக் காய வைத்துக் கறுப்புத் தட்டில் தூவி நுண்ணோக்கிக்கு அடியில் வைக்க வேண்டும்.

முதல் நாள் எனக்கு வெறும் மணல்தான் தெரிந்தது. ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன், மணல், மணல், சிப்பித் துணுக்கு, மறுபடியும் மணல். சாயங்காலம் போல ஒரு மணல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. நத்தை போலச் சுருண்டு, அறைக்கு அறை மெல்லிய கோடு விழுந்து, பீங்கான் கிண்ணம் மாதிரி பளபளத்தது, கடைசி மூன்று அறைகளில் மட்டும் உள்ளேயிருந்து ரோஸ் நிறம் தெரிந்தது. 000 எண் பிரஷின் நுனியை நனைத்து, அதில் இருக்கும் நாலைந்து மயிரில் ஒன்றால் தொட்டுத் தூக்கினேன். ஓட்டுக்குள் செல் இருந்தது, கடலிலிருந்து எடுத்த நிமிடம் வரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு உயிர் என் பிரஷ் நுனியில் இருக்கிறது என்று நினைத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது. அதைக் கட்டம் போட்ட கறுப்பு அட்டையில் கோந்து தொட்டு ஒட்டினேன், 60 கட்டம், ஒவ்வொன்றுக்கும் எண். ஒரு மாதிரிக்கு 300 ஓடு எண்ண வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவான வழக்கம். நல்ல பழக்கம் வந்த பிறகும் ஒரு மாதிரிக்கு ஒரு முழு நாள் ஓடிவிடும். கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும், ஆனாலும் எழுந்திருக்க மனசு வராது.

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துருவக் கடலில் மட்டும் ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? தெர்மாமீட்டர் இறக்கி அளந்துவிட்டால் போதாதா? (ராயபுரம் வாசகர்)

அளக்கிறார்கள் ஐயா, அதில் நம் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில், ஏறக்குறைய 79 டிகிரி வடக்கில் நை-ஒலேசுண் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008-ல் தொடங்கியது. அந்த ஊர் இருக்கும் கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்கழியில் 2014 ஜூலையில் 192 மீட்டர் ஆழத்தில் இண்ட்ஆர்க் என்ற அளவுக் கருவித் தொகுதியை நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். அதை வடிவமைத்ததில் நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாம் வருடம் முழுக்கப் பதிவாகிறது.

ஆனால் 2014-லிருந்துதானே? துருவக் கடலில் கருவி வைத்துத் தொடர்ச்சியாக அளந்த வரலாறு சில பத்து வருடங்கள்தான். வருடத்தில் பாதி இருட்டு, மேலே பனி, கப்பல் போக முடியாது. 1872 முதல் 1876 வரை உலகம் சுற்றிய சேலஞ்சர் கப்பல் 1874 பிப்ரவரியில் அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டியது, அது கொண்டுவந்த சேற்றிலிருந்த ஃபோராமினிஃபெராவை எல்லாம் ஹென்றி பிராடி என்ற மருந்துக்கடைக்காரர் ஆராய்ந்து 1884-ல் பெரிய நூலாக வெளியிட்டார். அந்தக் காலத்து அளவுகளே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. அதற்கு முன்னால்? யாரும் இல்லை. சேற்றில் இருந்தவை மட்டும்தான் இருந்தன. இப்போது நடக்கிற மாற்றம் வழக்கமான ஏற்ற இறக்கமா, இதற்கு முன்பு நடக்காததா என்று சொல்ல வேண்டுமென்றால் அவற்றைத்தான் கேட்க வேண்டும். என் மனதில் இந்தத் துறைக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம் இதுதான்.

யார் என்ன சொல்கிறார்கள் என்று கொஞ்சம் பார்க்கலாம். பனியாறு நேராகக் கடலில் வந்து இறங்கும் இடத்தில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், உருகிய நன்னீரும் பாறைத்தூளும் கொட்டிக்கொண்டே இருக்கும், சாப்பாடு குறைவு. அங்கே தாங்கி நிற்பவை எல்ஃபிடியம் கிளவாட்டம், காசிடுலினா ரெனிஃபோர்மே ஆகிய இரண்டும். சேற்றில் இந்த இரண்டே நிறைந்திருந்தால் பனியாற்றின் வாய் பக்கத்தில்தான் இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். பனியின் விளிம்பில், வசந்தத்தில் வெளிச்சம் பட்டதும் பாசி பொங்கிப் பெருகும் இடத்தில் நோனியோனெல்லினா லாப்ரடோரிகா வரும். புதிதாக விழும் பாசிதான் அதற்கு விருந்து, சாப்பிட்ட டயாட்டத்தின் பச்சையத்தைக்கூடச் செரிக்காமல் தன் உடம்புக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். தெற்கிலிருந்து அட்லாண்டிக்கின் வெப்பமான நீர் ஸ்வால்பார்டு கழிகளுக்குள் புகுந்தால் மணல் ஒட்டிக் கட்டும் அடெர்கோட்ரிமா குளோமெராட்டம் கூடுகிறது. ஒரு சேற்றுத் தூணில் கீழிருந்து மேலே வரும்போது இவர்கள் ஒருவர் போய் இன்னொருவர் வருவதைப் பார்த்தால், பனியாறு எப்போது பின்வாங்கியது, வெப்ப நீர் எப்போது வந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம்.

மேலே மிதந்து வாழும் இனங்களும் செத்தபின் அடியில்தான் வந்து சேரும். அதில் நியோகுளோபோகுவாட்ரினா பேக்கிடெர்மா என்று ஒன்று, குளிர்ந்த துருவ நீரில் வாழ்வது, அதன் ஓடு இடப்பக்கம் சுற்றும். அதைப் போலவே இருந்து வலப்பக்கம் சுற்றுவது கொஞ்சம் வெப்பமான நீரில் அதிகம். ரொம்ப நாள் இரண்டும் ஒரே இனம், குளிருக்கேற்பச் சுற்றை மாற்றுகிறது என்று நினைத்திருந்தார்கள், மரபணுவைப் பார்த்த பிறகுதான் இரண்டும் வேறு இனம் என்று தெரிந்து வலச்சுற்றுக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஆனால் குறிப்பு மாறவில்லை: இடச்சுற்று நிறைந்த சேறு என்றால் மேலே குளிர்ந்த நீர். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாம் வலம்புரி என்று பூஜையில் வைக்கும் சங்கை விஞ்ஞானிகள் இடச்சுற்று என்பார்கள், பிடித்துப் பார்க்கும் பக்கம் வேறு. ஆகவே சங்கை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் போனால் குழப்பம் வரும்.

கேள்வி: இதில் பெரிய ஜாதி எதுவும் இல்லையா? (வண்ணாரப்பேட்டை வாசகி)

உண்டு. எகிப்தில் கிசா பிரமிடு கட்டிய சுண்ணாம்புக் கல்லில் நாணயம் போல வட்டமாகக் கிடப்பவை நும்முலைட்ஸ் என்ற ஃபோராமினிஃபெராதான். 2000 வருடத்துக்கு முன் அங்கே போன ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர், பிரமிடு கட்டிய ஆட்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த பருப்பு கல்லாகிவிட்டதாக அங்கே சொல்லக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஆழ்கடலில் வாழும் சில இனங்கள் 20 சென்டிமீட்டர் வரை வரும். அண்டார்க்டிகாவில் மெக்மர்டோ பகுதியில் மணலை ஒட்டிக் குட்டி மரம் போல வேரும் தண்டும் கிளையுமாக நிற்கும் ஒன்றை 1980-ல் விவரித்தார்கள். ஒரே செல், மரம் மாதிரி. அதே பகுதியில் வாழும் அஸ்ட்ரம்மினா ராரா என்ற இன்னொன்றின் கூட்டைக் கழற்றிவிட்டு மணலைக் கொடுத்தால் மறுபடி பொறுக்கிக் கட்டிக்கொள்ளும். இதற்கு மூளை இல்லை, நரம்பு இல்லை.

கேள்வி: வேதியியல் ஆசிரியை நான். ஓட்டிலிருக்கும் ஆக்சிஜனை வைத்து வெப்பநிலை கணக்கிடுவதாகப் படித்தேன். மாணவர்களுக்குச் சொல்லும்படி எளிமையாக விளக்க முடியுமா? (பெரம்பூர்)

எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன், டீச்சர். ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என்று இரண்டு வகை இயற்கையிலேயே உண்டு, 17-ம் கொஞ்சம் உண்டு, அதை விட்டுவிடலாம். கடல்நீர் ஆவியாகும்போது 16 இருக்கும் தண்ணீர் சுலபமாக மேலே போகும், 18 இருப்பது கொஞ்சம் தங்கிவிடும். ஆவி மழையாகி ஆற்றில் வந்து மறுபடி கடலில் சேர்ந்தால் கணக்கு சமன். ஆனால் அது துருவத்தில் பனியாக விழுந்து, உருகாமல் மலை மலையாகக் குவிந்துவிட்டால்? 16 அங்கே மாட்டிக்கொள்ளும், கடலில் 18-ன் பங்கு கூடும். கடலில் இருக்கும் ஃபோராமினிஃபெரா அந்த நீரில் இருந்துதான் சுண்ணாம்பு ஓடு கட்டுகிறது, ஆகவே பனி நிறைய இருந்த காலத்து ஓட்டில் 18 கூடுதல். இதோடு இன்னொன்றும் சேரும்: குளிர்ந்த நீரில் கட்டிய ஓடு 18-ஐக் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டும் ஒரே திசையில் இழுப்பதுதான் சிக்கல். ஓட்டில் 18 கூடினால் பனி கூடியதா, நீர் குளிர்ந்ததா? 1947-ல் ஹெரால்ட் யூரே இந்த வழியைக் கோட்பாடாகச் சொன்னார், 1955-ல் செசாரே எமிலியானி கடலடி ஓடுகளை அளந்து பழைய வெப்பநிலையை எழுதினார், அவர் பெரும்பகுதியை வெப்பநிலைக்குக் கொடுத்தார். 1967-ல் நிக்கோலஸ் ஷேக்கிள்டன் அடிச்சேற்றில் வாழும் இனங்களையும் அளந்து, பெரும்பகுதி பனியின் அளவைக் காட்டுகிறது என்று நிரூபித்தார். ஆழ்கடல் ஏற்கெனவே உறைநிலைக்குக் கிட்டத்தில் இருப்பது, அதற்குமேல் எவ்வளவு குளிர முடியும் என்பது அவருடைய வாதத்தின் உயிர். மாணவர்களுக்கு இந்தச் சண்டையைக் கட்டாயம் சொல்லுங்கள், அளவு சரியாக இருந்தும் அர்த்தம் மாறும் என்பது பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராது. இப்போது பிரிப்பதற்கு வழி இருக்கிறது: ஓட்டில் கால்சியத்துக்கு எவ்வளவு மெக்னீசியம் என்று பார்த்தால் நீரின் வெப்பம் தனியாகத் தெரியும். வெப்பம் கூடினால் மெக்னீசியமும் கூடும். அதைக் கழித்தால் மிச்சம் பனி.

2005-ல் உலகம் முழுக்க 57 இடங்களின் அடிச்சேற்று ஓடுகளில் அளந்த ஆக்சிஜன் கணக்கை அடுக்கி 53 லட்சம் வருட வரைபடம் போட்டார்கள். பனி யுகம் வந்து வந்து போனது அதில் ரம்பப் பல் மாதிரி தெரியும். இன்னும் பின்னால் போனால், சுமார் 3.4 கோடி வருடத்துக்கு முன் ஒரே தாவாக 18 ஏறுகிறது, அண்டார்க்டிகாவில் பெரிய பனிப்படலம் உருவானது அப்போதுதான். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 21,000 வருடத்துக்கு முன் கடல் மட்டம் 120 மீட்டர் போலக் கீழே இருந்தது. அன்றைக்கு மெரினா, காசிமேடு எதுவும் கரை இல்லை, கரை பல கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலையைக் காட்டி இதைச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

கேள்வி: செத்துப்போன ஓட்டை வைத்து ஊகம் செய்வதுதானே இது? எவ்வளவு தூரம் நம்பலாம்? (திருவொற்றியூர் வாசகர்)

சந்தேகப்பட வேண்டிய இடங்களில் சந்தேகப்படத்தான் வேண்டும், அதை மறைத்துப் பேசினால் அது அறிவியல் இல்லை. முதல் பிரச்சினை, ஓடு கரைந்துவிடும். குளிர்ந்த நீர் கரியமில வாயுவை அதிகம் வைத்துக்கொள்ளும், அது சுண்ணாம்பைத் தின்னும். அண்டார்க்டிகாவைச் சுற்றிச் சில பகுதிகளில் சில நூறு மீட்டர் ஆழத்திலேயே சுண்ணாம்பு ஓடுகள் கரைந்து, மணல் ஒட்டிய ஓடுகள் மட்டும் மிஞ்சும். முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் நுரைத்துக் கரையும் இல்லையா, மெதுவாக நடக்கும் அதே கதை. அப்படிப்பட்ட சேற்றைப் பார்த்து "சுண்ணாம்பு இனங்கள் இங்கே வாழவே இல்லை" என்று சொன்னால் தப்பாகிவிடும். இரண்டாவது, புழுக்கள் சேற்றைக் கிளறி மேலே கிடப்பதைக் கீழேயும் கீழே கிடப்பதை மேலேயும் கொண்டுபோகும். மூன்றாவது, மிதக்கும் பனிப்பாறை கடலடியை உழுதுகொண்டு போகும், பழைய ஓடு புதிய சேற்றில் வந்து கலக்கும்.

இதனால்தான் ஒரே சாட்சியை வைத்து யாரும் தீர்ப்பு சொல்வதில்லை. டயாட்டம் ஓடு கண்ணாடி மாதிரியான சிலிக்காவில் ஆனது, அது வேறு விதமாகத் தாங்கும். அண்டார்க்டிக் சேற்றில் ஃப்ராகிலேரியாப்சிஸ் கர்ட்டா கூடினால் கடல்பனி, ஃப்ராகிலேரியாப்சிஸ் கெர்குலென்சிஸ் கூடினால் திறந்த கடல். ஆர்க்டிக்கில் பனிக்குள் வாழும் டயாட்டங்கள் மட்டும் செய்யும் ஒரு கொழுப்புப் பொருளை 2007-ல் கண்டுபிடித்து ஐபி25 என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பொருள் சேற்றில் இருந்தால் மேலே வசந்தகாலத்தில் பனி இருந்தது. ஓடு, டயாட்டம், வேதிப்பொருள், மணலின் பருமன், கார்பன் கணக்கில் வயது, இவை எல்லாம் ஒரே பக்கம் சொன்னால்தான் நம்புகிறார்கள்.

அப்படி நம்பிய இரண்டு விஷயங்கள். 2002-ன் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவின் லார்சன் பி என்ற மிதக்கும் பனித்தட்டு சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சில வாரங்களில் நொறுங்கியது. இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல 7 மடங்குக்கும் மேல். இதற்கு முன்பும் இப்படி நொறுங்கிச் சேர்ந்திருக்குமா என்று கேட்டு, அதற்கு அடியில் இருந்த சேற்றை எடுத்து, ஓடுகளின் ஆக்சிஜனையும் பார்த்து, 2005-ல் பதில் சொன்னார்கள்: கடந்த 10,000 வருடத்துக்கும் மேலாக அது நொறுங்காமல் இருந்திருக்கிறது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை. இரண்டாவது, மேற்கு அண்டார்க்டிகாவின் அமுண்ட்சென் கடல். அங்கே ஆழத்திலிருந்து வெப்பமான நீர் ஏறி வந்து பனியாறுகளை அடியிலிருந்து உருக்குகிறது. அங்கிருந்த ஓடுகளின் வேதியியலைப் பார்த்து 2017-ல் சொன்னது: அந்த வெப்ப நீர் சுமார் 7,500 வருடத்துக்கு முன்புவரை வந்துகொண்டிருந்தது, அப்புறம் குறைந்துபோனது, 1940-களிலிருந்து மறுபடி வருகிறது. எந்தத் தெர்மாமீட்டரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஓட்டின் எடையே ஒரு செய்திதான். தெற்குப் பெருங்கடலில் இப்போது விழுந்துகொண்டிருக்கும் குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற மிதக்கும் ஃபோராமினிஃபெராவின் ஓடுகளை, அதே பகுதியின் அடிச்சேற்றில் கிடக்கும் பழைய ஓடுகளோடு எடை போட்டார்கள். இன்றைய ஓடு 30 முதல் 35 சதவீதம் எடை குறைவு என்று 2009-ல் வெளியிட்டார்கள். நாம் காற்றில் விடும் கரியமில வாயு கடலில் கரைந்து, ஓடு கட்டுவதையே கஷ்டமாக்கியிருக்கிறது.

கேள்வி: பாக்டீரியாவும் கடலடியில் இருக்குமே, அது எதையும் காட்டாதா? (கல்லூரி மாணவி, வியாசர்பாடி)

காட்டும். ஓடு கிடையாது என்பதால் மரபணுவைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்வால்பார்டின் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் சேற்றை எடுத்து 50 டிகிரிக்குச் சூடு செய்தபோது, வெப்பத்தில் மட்டுமே வாழும் பாக்டீரியாக்கள் வித்து நிலையிலிருந்து எழுந்து வேலையை ஆரம்பித்துவிட்டன. 2009-ல் வந்த ஆய்வு. அந்தக் குளிரில் அவை வளரவே முடியாது, ஆக பூமிக்குள் எங்கோ சூடான இடத்திலிருந்து கசிந்து வந்து படிந்துகொண்டே இருக்கின்றன என்று புரிந்துகொண்டார்கள். கடலுக்கு அடியில் எங்கே எண்ணெயும் வாயுவும் கசிகிறது என்று தேட இது ஒரு துப்பு.

கேள்வி: எங்க வீட்ல மூணு தலைமுறையா எண்ணூர் ஆத்துல இறால் தடவுறோம். இப்ப சேத்துல கை வச்சா எரியுது, சாம்பலும் எண்ணெயும்தான் வருது. துருவத்துல பாக்குற மாதிரி எங்க ஆத்தையும் பாக்க முடியுமா? (எண்ணூர், மீனவப் பெண்மணி)

அம்மா, முடியும். இதே வேலைதான், இதே சல்லடை, இதே சாயம். கழிமுகங்களில் மாசு பார்க்க ஃபோராமினிஃபெராவை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், நம் கிழக்குக் கரையிலும் பல கழிகளில் செய்திருக்கிறார்கள்.

உங்கள் ஆற்றுச் சேற்றில் முதலில் தேட வேண்டிய ஆளின் பெயர் அம்மோனியா. 2023 டிசம்பர் கடைசியில் நடுராத்திரியில் உங்கள் ஊரை எழுப்பி ஓட வைத்த வாயுவின் பெயர்தான், ஆனால் இது அது இல்லை. ஆமூன் என்ற எகிப்திய தெய்வத்துக்கு ஆட்டுக்கடா கொம்பு உண்டு. அந்தக் கொம்பு போலச் சுருண்டிருப்பதால் இந்த உயிருக்கு அந்தப் பெயர், அதே தெய்வத்தின் கோயில் பக்கத்தில் கிடைத்த உப்பிலிருந்து வாயுவுக்கு அந்தப் பெயர். அம்மோனியா உப்பு கூடினாலும் தாங்கும், குறைந்தாலும் தாங்கும், ஆக்சிஜன் குறைந்த அழுக்குச் சேற்றிலும் தாங்கும். பல இனங்கள் கலந்து வாழ்ந்த இடத்தில் ஒருநாள் அம்மோனியா மட்டும் மிஞ்சினால், மற்றவர்கள் தாங்க முடியாமல் போய்விட்டார்கள் என்று பொருள். உலோகக் கழிவு கலக்கும் இடங்களில் ஓடு கோணலாக, கடைசி அறை பிதுங்கி, இரண்டு ஓடு ஒட்டிப் பிறந்தது போல இருப்பதையும் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். உப்பு திடீரென்று ஏறி இறங்கினாலும் கோணல் வரும், ஆகவே உலோகத்தையும் அளந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இதில் நான் பெரிதாக நினைப்பது வேறு. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு ஆற்றுக்குள்ளேயே எண்ணெய் வந்தது. ஒவ்வொரு முறையும் "அதற்கு முன் இந்த ஆறு எப்படி இருந்தது" என்ற கேள்வி வருகிறது, உங்கள் மாமியாரும் அம்மாவும் சொல்வதை வாய்ப்பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கிளறாத இடத்தில் ஒரு மீட்டர் சேற்றுத் தூண் எடுத்தால், மேலேயிருந்து கீழே போகப் போக உங்கள் காலம், உங்கள் அம்மா காலம், பாட்டி காலம் என்று அடுக்கு அடுக்காக இருக்கும். எந்த வருடத்துச் சேற்றில் எத்தனை இனம் இருந்தது என்று எண்ணிக் காட்டலாம். தூர் வாரிவிட்டால் அந்தப் பக்கத்துப் பதிவு போய்விடும். தூர் வார வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆற்றின் வாய் அடைந்தால் உங்கள் பிழைப்பே போய்விடும் என்று தெரியும். வாருவதற்கு முன் நாலு இடத்தில் குழாய் இறக்கிச் சேற்றை எடுத்து வைக்கச் சொல்லி மனுவில் ஒரு வரி சேருங்கள். எந்த இடம் கிளறாதது என்று உங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது, இடத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கேள்வி: ஆய்வகம் இல்லாமல் நாங்களே ஒன்றைப் பார்க்க முடியுமா? (தண்டையார்பேட்டை மாணவரின் இரண்டாவது கேள்வி)

பார்க்கலாம் தம்பி. பெரியவர்களோடு பழவேற்காடு பக்கம் போகும்போது, ஏரி ஓரத்தில் அலை அதிகம் இல்லாத இடத்தில் மேல் சேற்றை மட்டும் ஒரு ஸ்பூனால் வழித்து எடு. எண்ணூர்ச் சேறாக இருந்தால் கையுறை போடாமல் தொடாதே. வீட்டில் பழைய நைலான் துணியைக் கட்டி அதில் சேற்றை வைத்துத் தண்ணீர் விட்டு அலசு, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை. மிஞ்சியதை வெயிலில் காய வைத்துக் கறுப்புச் சார்ட் தாளில் ரொம்ப மெல்லிசாகத் தூவு. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும், பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால் மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார். மணல் கண்ணாடித் துண்டு மாதிரி மூலை மூலையாக மின்னும், ஓடு பால் வெள்ளையாக, சுருள் சுருளாக இருக்கும். முதல் அரை மணி நேரம் எதுவும் தெரியாது, எழுந்து போய்விடாதே.

கிடைத்தால் வரைந்து அனுப்பு. எந்த இடத்துச் சேறு, எந்தத் தேதி, எவ்வளவு ஆழத் தண்ணீர் என்பதைக் கீழே எழுத மறக்காதே.